கருவியும் கீர்த்தனையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ‘தொழில்நுட்பம், பண்பாடு, திருச்சபை வாழ்வு’ என்னும் பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒரு சிற்றாலயத்தின் ஆயரை அழைத்துத் தொழில்நுட்பம் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அழைப்பு என் கைக்கு வந்தபோது முகவரி மாறி வந்துவிட்டதோ என்று ஐயுற்றேன். சற்றே எண்ணிப் பார்த்தபோது ஐயம் நீங்கியது. நானும் வாரந்தோறும் தமிழ்ப் பாட்டை நம்பி வாழ்பவன்தான். என் பிரசங்கத்தை மக்கள் திங்கட்கிழமை மறந்துவிடுகிறார்கள். பாடிய பாட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஆகவே, பாட்டுக்கும் கருவிக்கும் இடையே எங்கள் சிறிய சபையில் நிகழ்ந்தவற்றை உங்கள் முன் வைப்பதே நான் செய்யக்கூடியது. அதில் என் பிழையும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வேன்.

சங்கொலி

எங்கள் ஆலயம் பெரிய கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ உடையதன்று. ஓடு வேய்ந்த கூடம், நாற்பது குடும்பங்கள். 1902-இல் தொடங்கி 1907-இல் நிறைவெய்திய இருதய ஆண்டவர் பேராலயத்தைப் பார்க்க வரும் வெளியூரார் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. ‘ரோடியர் மில்’ என்று நம் ஊரார் வழங்கும் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையின் சங்கொலி எட்டும் தொலைவில் எங்கள் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர். அல்லது அவர்தம் பிள்ளைகள்.

சங்கு என்பதும் ஒரு தொழில்நுட்பமே. அது ஊதினால் ஊர் எழும். ஊதினால் ஊர் உண்ணும். ஊதினால் ஊர் வீடு திரும்பும். ஆனால் சங்கு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், முழங்கால் வலி என்றாலும், அது தன் நொடியில் ஊதி முடித்துவிடும். அந்த நேரத்தின் மீது தமக்கும் ஓர் உரிமை வேண்டுமென்று கேட்டவர்கள் இந்த மண்ணில் விலை கொடுத்தார்கள். 1936 ஜூலை 30-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் புதுவை மில் தொழிலாளர் 12 பேர் உயிர் நீத்தனர். எட்டு மணி நேர வேலை இங்கே 1937-இல் சட்டமானதன் பின்னே அக்குருதி இருக்கிறது. ஆலை 2020-இல் முற்றாக மூடப்பட்டது. சங்கொலி இன்று இல்லை.

ஆறு நாள் சங்குக்கு ஓடிய அம்மக்கள் ஏழாம் நாள் ஆலயத்துக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது எது? ஒரு கிழவி மூச்சு வாங்கினால் கூட்டமே அவளுக்காக நின்று பாடும் ஒரு பாட்டு. நான் ஆயராக வந்த முதல் ஆண்டில் இது எனக்குச் சலிப்பூட்டியது. தாளம் இழுபடுகிறதே என்று எண்ணினேன். அந்த இழுபடுதலிலேதான் சபை இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

புதுவையின் அச்சுப்பொறி

தொழில்நுட்பம் என்றால் நேற்று வந்த கைப்பேசி என்று பலரும் நினைக்கின்றனர். திருச்சபைக்கும் கருவிக்கும் உள்ள உறவு தமிழகத்தில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு வேத போதனை நூல் அச்சாயிற்று. அதன் மொழி தமிழ். எழுத்தோ உரோமானிய எழுத்து. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது; பதினாறே பக்கங்கள். முதன்முதலில் அச்சைக் கண்ட தமிழ், வேற்று எழுத்தின் உடையை அணிந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். உரையின் முடிவில் இந்தச் செய்தி எனக்குத் தேவைப்படும்.

பின்னர் 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. கையிருப்புக் காகிதமோ குறைவு. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறையை உருக்கினர் என்று அச்சு வரலாறு கூறுகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் நிறுவப்பட்டது. கருவி ஒன்று வந்தால் அதோடு ஈயம், காகிதம், கப்பல், கடன் என்று ஓர் உலகமே உடன் வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1761 சனவரியில் ஆங்கிலத் தளபதி கூட் என்பவரின் முற்றுகைக்குப் புதுச்சேரி பணிந்தது. வெற்றி கொண்டோர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். அந்தக் கொள்ளையில் ஆளுநர் மாளிகையிலிருந்த ஓர் அச்சுப்பொறியும் அதன் எழுத்துகளும் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதை இயக்க அங்கே ஆளில்லை. வேப்பேரியிலிருந்த ஜெர்மானியக் குரு பப்ரீசியுஸிடம் அதை ஒப்படைத்தனர். அரசின் அச்சு வேலையை முதலில் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. பப்ரீசியுஸ் 1740-இல் தமிழகம் வந்தவர். தமிழ்த் திருமறையைச் செப்பம் செய்வதிலும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் ஆக்குவதிலும் வாழ்நாளைச் செலவிட்டவர். அவரது புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பிரைதவுப்து என்பாருடன் சேர்ந்து அவர் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது.

புதுவை ஆளுநர் மாளிகையின் பொறி, போரில் கொள்ளை போய், பகைவர் ஊரில் தமிழ்த் திருமறையையும் அகராதியையும் தந்த அச்சகத்துக்கு அடித்தளமாயிற்று. இதைக் கடவுளின் வழிநடத்துதல் என்று பிரசங்கிப்பது எனக்கு எளிது. ஆனால் இடிந்த வீடுகளின் நடுவே நின்ற புதுவை மக்களை நினைத்தால் அப்படிச் சொல்ல நா எழவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது சிறிய பாடம்: எந்தக் கருவியும் தூய கையோடு நம்மிடம் வருவதில்லை. ஆதலால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நிறுத்தலாகாது. வந்த பிறகு அதைக் கொண்டு எவர் வாய் திறந்தது, எவர் வாய் மூடிற்று என்றும் கேட்க வேண்டும்.

ஓதாதவர் பாட்டும் ஒரு சுவரும்

அச்சு எவர் வாயைத் திறந்தது? எழுத்தறிந்தவர் வாயை. எழுத்தறியாதவரே அன்று பெரும்பான்மையினர். அவர்களுக்கு வேதம் போய்ச் சேர்ந்த வழி கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) இராகமும் தாளமும் அமைத்துப் பாடிய கீர்த்தனைகள், பனையோலையிலும் அதைவிட மிகுதியாக மனித நினைவிலும் பயணம் செய்தன. குறவஞ்சி வடிவத்தையே கையாண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் அவர். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். நினைவிலிருந்து பாட்டு புத்தகத்துக்கு ஏறியது அதன் பிறகே. எங்கள் சபையில் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியர் அறுபது, எழுபது கீர்த்தனைகளைச் சரணம் பிசகாமல் பாடுவதை நானே கேட்டிருக்கிறேன். கவிஞர்களே, அவர்கள் உங்கள் உறவினர்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பண்பாடு என்று சொன்னவுடன் நாம் கைகூப்பிவிடுகிறோம். 1829-ஆம் ஆண்டளவில் தஞ்சைச் சபையார், சாஸ்திரியாரை முன்னிட்டுக்கொண்டு, புதிய மிஷனரிகளுக்கு எதிராக எழுதிய முறையீடுகளில் நான்கு கொடுமைகளைச் சுட்டினர். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. தமிழிசைக் கீர்த்தனையைத் தடுத்தது ஒன்று. மலர் சூடுவதைத் தடுத்தது ஒன்று. நான்காவது, ஆலயத்தில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரச் சொன்னது. முதல் மூன்றைப் படிக்கும்போது என் நெஞ்சம் தஞ்சையார் பக்கம் சாய்கிறது. நான்காவதைப் படிக்கும்போது தலை குனிகிறது. பாட்டைக் காத்த அதே கை சுவரையும் காத்தது.

அந்தச் சுவர் நம் ஊரிலும் இருந்தது. 1745-ஆம் ஆண்டில் சம்பாக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரைப் பிரித்து வைத்த ஒரு சுவரைப் பற்றியும், அது அகற்றப்பட்டதால் சாதிக் கிறிஸ்தவரிடையே எழுந்த கூச்சலைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கிறிஸ்தவர் அல்லாத அவர் எழுதியிராவிடில் நாங்கள் இதை வசதியாக மறந்திருப்போம். ஆளுநர் மாளிகையில் அச்சுப்பொறி இருந்த அதே நகரில், அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் அச்சேறாமல் அவர் வீட்டிலேயே கிடந்தன. 1761-இல் நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் மறைந்தார். இடிந்த நகரத்தைத் தாண்டி அந்த எழுத்து வாழ்ந்தது. 1846-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

செங்கல்லும் சுண்ணாம்பும்கூடத் தொழில்நுட்பந்தான். அதைக் கொண்டு கூரையும் கட்டலாம்; குறுக்குச் சுவரும் எழுப்பலாம். ஆகவே, பழையது என்பதால் ஒரு வழக்கத்தைக் காப்பதும், புதியது என்பதால் ஒரு கருவியை வெறுப்பதும் சரியான அளவுகோல் ஆகா. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. கடைசி வரிசையில், மெதுவாக வருபவர் எவரோ, அவருக்காக இது காத்திருக்கிறதா?

துருத்திப் பெட்டி

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது நமக்கு மண்ணின் மணமாகத் தோன்றுகிறது. 1842-இல் பாரிஸ் நகரில் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற அந்நியக் கருவி அது. தமிழிசையின் கமகம் அதில் வராது என்பது பழைய குற்றச்சாட்டு, அது உண்மையுமாகும். 1940 முதல் அகில இந்திய வானொலி அதை விலக்கியே வைத்தது. 1971-இல்தான் ஓரளவு மீண்டும் அனுமதித்தது. இசைவாணர் வெறுத்த அந்தப் பெட்டியைச் சிற்றாலயங்கள் கைவிடவில்லை.

காரணம் எளிது. ஆர்மோனியத்தில் ஒரு துருத்தி இருக்கிறது. துருத்தியை ஒரு கை அழுத்துகிறது. அந்தக் கைக்கு உரியவருக்குக் காது இருக்கிறது. பாடுபவர் சரணத்தின் நடுவில் இருமினால் அந்தக் கை நிற்கும். பின்வரிசையில் ஒருவர் பல்லவியை ஒருமுறை கூடுதலாக எடுத்துவிட்டால் அதுவும் கூடுதலாக வாசிக்கும். எங்கள் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஆலையில் தறி ஓட்டியவர். அவருக்கு இசையறிவு மிகுதி என்று சொல்ல மாட்டேன். கேட்கும் அறிவு மிகுதி.

கைப்பேசி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. நான் என் அறையில் ஒரு நாற்காலியின் மேல் பைபிள்களை அடுக்கி, அதன் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பிரசங்கித்தேன். எதிரே ஒரு முகமும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் மக்களுக்கு அந்நாளில் அது தேவையாக இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் அந்த ஆர்மோனியப் பெரியவர் காலமானார். அவருடைய மகன் பிரான்சில் இருக்கிறார். 1962-இல் சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் கிளைகள் அங்கே பரவியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். வானூர்திகள் நின்றுவிட்ட காலம் அது. கல்லறைத் தோட்டத்துக்குச் சிலர் மட்டுமே செல்ல முடிந்தது. காலை ஏழு மணிக்கு அடக்கம். பாரிஸில் அப்போது அதிகாலை மூன்றரை. பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். மறைந்தவருடைய துணைவியார், எழுபத்தாறு வயது, எழுதப் படிக்கத் தெரியாதவர், எட்டுச் சரணமுள்ள ஒரு கீர்த்தனையை எடுத்தார்.

நான்காம் சரணத்தில் இணைப்பு அறுந்தது. பையன் பதறினான். அம்மையார் பாட்டை நிறுத்தினார். குழியருகே நாங்கள் சிலர் வெயிலில் நின்றோம். மீண்டும் மகனின் முகம் திரையில் வந்ததும், “எதுலப்பா விட்டுச்சு?” என்று கேட்டார். மகன் சொன்ன இடத்திலிருந்து, அதே நான்காம் சரணத்திலிருந்து, மீண்டும் பாடி எட்டையும் முடித்தார்.

கைப்பேசியைச் சபிக்கும் பிரசங்கங்களை நான் அதற்குப் பின் செய்வதில்லை. அன்று அந்தக் கருவி ஒரு மகனைத் தந்தையின் குழியருகே கொண்டுவந்து நிறுத்தியது. அது அறுந்தபோது, அதற்காகக் காத்திருக்க ஒரு பாட்டுக்குத் தெரிந்திருந்தது.

என் பிழை

இனி நான் முன்பே குறிப்பிட்ட பிழையைச் சொல்கிறேன். ஆலயம் மீண்டும் திறந்தபோது ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை. இளைஞர்கள் ஒரு வழி கண்டனர். ‘டிராக்’ என்று அவர்கள் சொல்லும் பதிவிசை. வயலின், புல்லாங்குழல், தபலா எல்லாம் அதில் உண்டு. ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டால் எங்கள் ஓட்டுக் கூடம் பேராலயம் போல் முழங்கியது. நான் மகிழ்ந்தேன். “நம் சபையும் வளர்கிறது” என்று மேடையிலிருந்து பாராட்டியும் விட்டேன்.

பதிவிசைக்கு நான்கு நிமிடம் அளவு. ஆகவே எட்டுச் சரணக் கீர்த்தனை மூன்று சரணமாயிற்று. பெரும்பாலும் இறுதிச் சரணங்களே வெட்டுண்டன. பாட்டின் பொருள் எங்கே முதிர்கிறதோ, அங்கே போய்ச் சேருமுன் இசை நின்றுவிடும். கவிஞர்களே, உங்கள் கவிதையின் கடைசிக் கண்ணியை ஒருவர் நேரமில்லை என்று கிழித்தெறிந்தால் எப்படியிருக்கும்? அதைத்தான் நான் வாரந்தோறும் செய்துகொண்டிருந்தேன். செய்கிறேன் என்று அறியாமலே.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஆராதனை முடிந்து மக்கள் கலைந்தபின், அந்த அம்மையார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “என்னம்மா, இப்போதெல்லாம் உங்கள் குரல் கேட்பதில்லையே, தொண்டை சரியில்லையா?” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “தொண்டை நல்லாத்தான் இருக்குதுங்கய்யா. பாட்டுதான் நிக்க மாட்டேங்குது” என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. குறை கூறும் தொனிகூட இல்லை. ஆறு நாள் சங்குக்கு ஓடிய குடும்பத்தின் தாய் அவர். ஏழாம் நாளும் நான் அவருக்குச் சங்கையே ஊதிக்கொண்டிருந்தேன் என்பது அன்றிரவு எனக்குப் புலப்பட்டது.

அடுத்த வாரமே டிராக்கை நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். அவ்வாறு செய்யவில்லை. இளைஞர் மனம் வாடுமே என்று தயங்கினேன். பெருநாள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். 2023 இறுதியில் அம்மையார் காலமானார். அவர் பாடாத இரண்டு ஆண்டுகள் என் கணக்கில் இருக்கின்றன.

திரை

சில மாதங்கள் கழித்துப் பாரிஸிலிருந்து மகன் எழுதினார்: தாயின் நினைவாக ஆலயத்துக்கு ஒரு பெரிய எல்இடி திரை வாங்கித் தர விரும்புகிறார், பாடல் வரிகள் எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்தே அறியாத தாய்க்கு எழுத்துத் திரை நினைவுச் சின்னமா? வேண்டாம் என்று மறுமொழி எழுதத் தொடங்கியும் விட்டேன்.

மூப்பர் குழுக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து நின்றாள். “ஐயா, பாட்டிகளுக்காகப் பேசுகிறீர்கள், சரி. எங்களுக்குத் தமிழ் படிக்கவே வராது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் நடிக்கிறோம். எங்களுக்காக யார் நிற்பார்கள்?” என்று கேட்டாள். கூடம் அமைதியாயிற்று. ஆங்கிலப் பள்ளியிலும் பிரெஞ்சுப் பள்ளியிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகள், தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். பாட்டி எழுத்தறியாதவர், பேத்தியும் எழுத்தறியாதவள். பாட்டிக்கு நினைவு இருந்தது. பேத்திக்கு அதுவும் இல்லை. கடைசி வரிசை இடம் மாறியிருந்ததை நான் பார்க்கவில்லை.

மூன்று முறை கூடிப் பேசினோம். முடிவில் சிறியதாக ஒரு திரையை ஏற்றுக்கொண்டோம். கீர்த்தனைக்கு டிராக் இல்லை என்று தீர்மானித்தோம். ஆர்மோனியத்தைப் பழுது பார்த்தோம். அந்த மாணவியே இப்போது அதைக் கற்றுவருகிறாள்; இன்னும் தடுமாறித்தான் வாசிக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கீர்த்தனையை எல்லாச் சரணமும் பாடுகிறோம். முடியும்வரை எவரும் மணி பார்ப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், பார்க்கிறார்கள், ஆனாலும் பாடுகிறார்கள். மீதியிருக்கும் மூத்தோர் ஒன்பது பேரின் வாயிலிருக்கும் மெட்டுகளை இளைஞர்கள் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கின்றனர். ஒரே கீர்த்தனைக்கு இரு வீடுகளில் இரு மெட்டு இருப்பதை அப்போதுதான் அறிந்தோம்.

திரையில் பெரிய தமிழ் எழுத்தில் வரிகள் வருகின்றன. அவற்றின் கீழே அதே தமிழ், உரோமானிய எழுத்தில் ஒரு சிறு வரியாக ஓடுகிறது. அந்தக் கீழ்வரி ஓராண்டுக்கு மட்டும் என்றும், அதற்குள் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அரை மணி நேரம் தமிழ் வாசிக்கக் கற்பிப்பது என்றும் ஒப்புக்கொண்டோம். ஓராண்டு முடிந்துவிட்டது. வகுப்பு நடக்கிறது, சிலர் தேறிவிட்டனர். ஏழு பிள்ளைகள் இன்னும் தேறவில்லை. கீழ்வரியை எடுத்தால் அந்த ஏழு வாய்கள் மூடிவிடும். வைத்திருந்தால் மற்றவர்களும் மேல்வரியைப் பார்க்கச் சோம்புவார்கள். ஒவ்வொரு மாதமும் மூப்பர் கூட்டத்தில் இந்த வினா எழுகிறது. ஒவ்வொரு மாதமும் “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று கலைகிறோம்.

தமிழ்ப்பற்று மிக்க நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். பாரதியார் பத்தாண்டு வாழ்ந்து பாடிய ஊரில், பாரதிதாசனார் பிறந்த ஊரில், ஓர் ஆலயத்தில் தமிழ் வேற்றெழுத்தில் ஓடுகிறதே என்று வருந்தலாம். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அப்போதெல்லாம் தொடக்கத்தில் சொன்ன லிஸ்பன் நூலை நினைத்துக்கொள்வேன். 1554-இல் வேற்றெழுத்தில் நின்ற தமிழ் 1578-இல் தன் எழுத்துக்கு வந்து சேர்ந்தது. இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டு எங்களுக்கு வேண்டியிராது என்று நம்புகிறேன். நம்பிக்கை கொள்வது என் தொழில்.

நிறைவாக

கவிஞர் பெருமக்களே, இந்த வட்டம் பத்து ஆண்டுகள் நிலைத்தது எதனால் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அச்சிட்ட மலரால் மட்டுமன்று; கைப்பேசிக் குழுவில் காலையில் வந்து மாலைக்குள் மேலேறி மறைந்துவிடும் கவிதைகளால் நிச்சயமாக அன்று. மாதம் ஒருமுறை, திக்கித் திக்கித் தன் முதல் கவிதையைப் படிக்கும் ஒரு புதியவருக்காக மற்ற அனைவரும் வாய் மூடிக் காத்திருக்கிறீர்களே, அதனாலேயே நிலைத்தது. நானும் கூடத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து சில மாலைகள் அதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பொறுமையை எந்தக் கருவியும் நமக்குச் செய்து தராது. வரும் கருவிகள் இன்னும் விரைவானவை. கேட்ட நொடியில் வெண்பாவும் பிரசங்கமும் எழுதித் தரும் பொறிகள் வந்துவிட்டன. என் இளைஞர்கள் எனக்கே செய்து காட்டினார்கள். பிரசங்கம் பிழையின்றி இருந்தது. எங்கள் தெருவில் எவர் வீட்டில் அன்று அழுகை என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

கருவிகளை வாசலிலேயே தடுக்க என்னால் ஆகாது, தடுக்கவும் விரும்பவில்லை. உள்ளே வரும் ஒவ்வொன்றிடமும் அந்த அம்மையாரின் சொல்லை மட்டும் கேட்டு வைப்பேன்: நீ நிற்பாயா? நிற்கத் தெரியாத கருவி என்றால், அதன் அருகே நிற்கத் தெரிந்த மனிதர் ஒருவரை நிறுத்துவேன். நீங்களும் உங்கள் அரங்கில் அவ்வாறே செய்து வருகிறீர்கள். இன்னும் பல பத்தாண்டுகள் அதைச் செய்ய இறைவன் அருள வேண்டுமென்று வேண்டி, பொறுமையோடு எனக்காகக் காத்திருந்த உங்கள் அனைவரையும் வாழ்த்தி அமைகின்றேன்.